டிரம் தண்ணீரும் செராமிக் பூச்சும்

கருநீலம்தான் வேண்டும் என்று நின்றவள் மனைவி. நம் பக்கத்து வெயிலுக்கு வெள்ளைதான் தாங்கும் என்று விற்பனைக்காரர் முதல் மூன்றாம் மாடிக்காரர் வரை சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளைக் காரில் ஏறினால் வாடகை டாக்சியில் ஏறினதுபோல யாரோ ஓடிபி கேட்கப்போகிற மாதிரியே இருக்கும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். முடிச்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறவள். நான் வழிமுறையிலேயே சுற்றிக்கொண்டிருப்பவன்.

கார் வாங்கிய இரண்டாவது கோடையில் ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்தவள் மாடியேறாமல் கீழேயிருந்து போன் செய்தாள். இறங்கிப் போனேன். பானட்டைக் காட்டினாள். சாய்ந்த வெயில் அதன்மேல் படுத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் கருநீலத்தின் மேல் வட்டம் வட்டமாக வெண்மை. டம்ளர் வைத்து எடுத்த மேசையில் ஒரு வளையம் நிற்குமே, அப்படி. ஆனால் இங்கே டம்ளர் மிளகு அளவு, மேசை முழுக்க வளையம். நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அதற்கும் போகவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணுல பூ விழுந்த மாதிரி இருக்கு," என்றாள்.

அந்த வார்த்தையோடு நான் ஒரு வாரம் அலைந்தேன். அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த நீலம் ஒன்றைத்தான். அதில் பூ விழுந்துவிட்டது. ஏதாவது செய்யவேண்டும். ஏதாவது என்றால் என்ன என்று கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள்.

எனக்குப் புரிந்த அளவில் அது இவ்வளவுதான். மணலில் இருக்கிற அதே சரக்கைத் திரவமாக்கி ஒரு சின்னப் பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள். சொட்டுச் சொட்டாகப் பஞ்சில் விட்டு பெயின்ட்டின் மேல் பூசினால், அது காய்ந்து கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்கிறது. வண்டிக்கு ஒரு கண்ணாடித் தோல். தோல் என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போன சொல்லை நம்பித்தான் நான் வாழ்க்கையில் பல காரியங்களைக் கெடுத்திருக்கிறேன்.

தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி மூன்று கடைகள் பார்த்தேன். முதல் கடை முழுக்கக் கண்ணாடி, முழுக்கக் குளிர். சுவரில் ஒரு பெரிய டி.வி. அதில் ஒரு கறுப்புக் காரின் மேல் தண்ணீர் விழுகிறது. விழுந்த மாத்திரத்தில் முத்து முத்தாகத் திரண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, உருண்டு ஓடுகிறது. திரும்பத் திரும்ப அதையே ஓடவிட்டிருந்தார்கள். நானும் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு, கிராஃபீன் கலந்தது, வைரத்துக்கு அடுத்த கடினம் என்று விற்பனைப் பெண் அடுக்கிக்கொண்டே போனாள். இனிமேல் வண்டியைத் துடைக்கவே வேண்டாம் என்று முடித்தாள். எனக்கு அந்த முத்துகள் போதுமாக இருந்தன. மனைவிக்குப் போன் செய்து, தாமரை இலையில் தண்ணீர் உருளுமே, அப்படி உருளுகிறது என்றேன். பள்ளி மைதானத்தில் நிற்கிற காருக்கு உள்ளே சூடு குறையுமா என்று கேள் என்றாள். கேட்டேன். குறையும் என்றார்கள். எவ்வளவு என்று அவள் கேட்கச் சொன்னபோது மேலாளரைக் கூப்பிடப் போனார்கள். நான் மெல்ல வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை தகரக் கொட்டகை. பன்னிரண்டு மணி வெயில். தோசைக்கல்லாகக் காய்ந்திருந்த ஒரு கதவின் மேல் ஒருவர் அந்தத் திரவத்தைத் தடவிக்கொண்டிருந்தார். தடவிய இடம் அடுத்த நொடி இறுகி, எண்ணெய் படிந்த குட்டைபோல வானவில் திட்டுகள் நின்றன. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் அங்கிருந்து கிளம்பினேன்.

மூன்றாவது இரும்புலியூரில், சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு சந்தில் இருந்தது. கதவு வைத்த கூடம். உள்ளே வெயில் இல்லை, தூசி இல்லை, டி.வி. இல்லை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். காலையில் பத்து மணிக்கு மேல் கோட்டிங் பாட்டிலைத் திறக்கமாட்டாராம். இந்த ஊர்ச் சூட்டிலும் புழுக்கத்திலும் துடைத்தெடுக்க அவகாசம் இல்லாமல் அது பிடித்துக்கொள்ளும் என்றார். சூடு குறையுமா என்ற மனைவியின் கேள்வியை அவரிடமும் போட்டேன்.

"கோட்டிங் வந்து சட்டை சார். ஏசி இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் நம்பத் தொடங்கினேன்.

வண்டியை உள்ளே ஏற்றி, கதவைச் சாத்தி, கையில் ஒரு விளக்கை எடுத்தார். பானட்டின் மேல் அதைப் பிடித்ததும் நான் இரண்டு வருடமாகப் பார்க்காத ஒன்று தெரிந்தது. விளக்கைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள், சிலந்தி வலைபோல. விளக்கு நகர்ந்தால் வலையும் கூடவே நகர்ந்தது. அவர் விளக்கை மெதுவாகக் கொண்டுபோனார். கோடுகள் வளைந்து வளைந்து போயின. ஒரு கை வலமிருந்து இடமாக வந்து, திரும்பி, மறுபடி வலமிருந்து இடமாக. தோள் எவ்வளவு தூரம் எட்டியதோ அவ்வளவு தூரம் வளைவு. பானட்டின் நடுவில் கை எட்டாத ஒரு தீவு மட்டும் கோடில்லாமல் இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

"யாரு சார் தொடைக்கிறாங்க?"

எங்கள் குடியிருப்பில் கார் துடைக்கும் அக்கா என்றேன்.

செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. பதினான்கு வீடு, பதினொரு கார். அந்த அக்கா விடிகாலையில் வருவார். ஒரு வாளி, ஒரு துணி. பதினொரு காரையும் அந்த ஒரு வாளியை இரண்டு மூன்று முறை நிரப்பித் துடைத்துவிட்டு எட்டு மணிக்குள் அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுவார். பேச்சு கொஞ்சம் காரம். ஒருமுறை, எங்கள் கார் மேல் காக்கை எச்சமாகவே விழுகிறதே என்று நான் அலுத்துக்கொண்டபோது, காக்காவுக்கும் நீலந்தான் புடிச்சிருக்குது போல என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் இல்லை. காலை நேரத்து இந்தப் பதினொரு காரை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறார் என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும்.

கடைக்காரர் விளக்கை அணைத்தார். துணியில் ஒட்டியிருக்கும் மணல்தான் இந்தக் கோடு, முதல் காரின் மணல் பதினொன்றாவது காரில் இழுபடுகிறது என்றார். இதைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம், பிறகு கோட்டிங் போடலாம். ஆனால் அந்தம்மாவை முதலில் நிறுத்துங்கள். கோட்டிங் போட்டு ஒரு வாரம் தண்ணீரே படக்கூடாது. அதன்பிறகும் அதே துணி பட்டால் கோட்டிங் மேலும் இதே வலைதான். வெள்ளை வளையங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது வேற கதை, தண்ணிக் கதை, அப்புறம் பேசலாம் என்றார்.

நான் அப்புறத்துக்குக் காத்திருக்கவில்லை. துணிக் கதை கிடைத்துவிட்டது அல்லவா. விளக்கின் கீழ் எடுத்த படத்தைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தினமும் துடைப்பதால் நம் கார்களுக்கு இதுதான் நடக்கிறது என்று கீழே ஒரு வரி. வரி நன்றாக அமைந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன். அந்த அக்காவிடம் நேரே சொல்ல மனம் வரவில்லை. அதனால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, எங்கள் காரைக் கொஞ்ச நாள் தொடவேண்டாம் என்று அந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். ஒருவருக்கு வருத்தம் தரக்கூடியதை இன்னொருவர் வாயால் சொல்ல வைப்பதை நாம் நாகரிகம் என்று பழகி வைத்திருக்கிறோம்.

இரண்டே நாள். முதல் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தன் காரிலும் வலை இருக்கிறது என்று டார்ச் அடித்துப் படம் போட்டார். மூன்றாம் மாடிக்காரரும் போட்டார். எதிர் வீட்டு இளம் தம்பதி, முத்து உருளும் கடையிலேயே ஐந்து அடுக்குக்கு முன்பதிவு செய்துவிட்டோம் என்று எழுதினார்கள். மூன்று வீடும் வாட்ச்மேன் மூலமாகவே செய்தி அனுப்பின. பதினொன்றில் நான்கு போயிற்று. மீதி ஏழும் யோசிப்பதாகப் பேச்சு. மனைவி குரூப்பைப் பார்த்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தாள். நீங்க ஒரு பூச்சு வாங்கத்தானே போனீங்க என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை வாட்ச்மேன் மேலே வந்தார். அந்தம்மா உங்களைக் கீழே வரச்சொல்கிறார் என்றார். செய்தி இந்த முறை என் பக்கமாக வந்தது.

அக்கா எங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றார். அதைத் தொடவில்லை. வாளி தரையில், துணி தோளில்.

"இன்னா சார், என் துணியாலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு போட்டோ போட்டுக்கிறீங்களாமே. காட்டுங்க, பாக்கலாம்."

போனை நீட்டினேன். வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பொய் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தன் கை வளைவு அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"இந்தக் கோடு என் துணி. ஒத்துக்கறேன். ஒரே துணிதான் கீது, நீங்க யாரும் வேற ஒண்ணு குடுத்தது இல்ல. அத வுடுங்க." பானட்டுக்குக் குனிந்து, தொடாமல், விரலால் காட்டினார். "இந்த வெள்ளப் பொட்டு யாரு? இது துணி போட்டதா? இது தண்ணி. தண்ணி யார் தண்ணி சார்?"

தூணுக்குப் பக்கத்தில் இருந்த நீல டிரம்மிடம் கூட்டிப்போனார். அதன் விளிம்பெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல உப்பு பூத்துக் கிடந்தது. தினமும் அதைக் கடந்துதான் மாடியேறுகிறேன். தன் உள்ளங்கையை விரித்தார். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

"போன வருசமே சொன்னேன். இந்தத் தண்ணி எரியுது, இத வெச்சித் தொடச்சா நல்லா இருக்காதுன்னு. தண்ணி மிச்சமாவுது இல்லக்கா, கொஞ்சம் பாத்துக்கோன்னீங்க. நீங்கதான சார் சொன்னது?"

நான்தான். டிரம்மே என் யோசனை.

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் பொதுவான ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்தி எல்லா வீட்டுக்கும் குடிக்கக் கொடுக்கிறது. சுத்தப்படுத்தும்போது ஒரு பங்கு தண்ணீரை அது வெளியே கழித்துத் தள்ளும். போன வருடக் கோடையில் ஏரி விரிசல் விட்டுக் கிடந்தபோது, லாரித் தண்ணீருக்கு நாம் தெருவில் நிற்கையில் இந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகலாமா என்று சங்கக் கூட்டத்தில் உருக்கமாகப் பேசினேன். அதை ஒரு டிரம்மில் பிடித்துக் கார் துடைக்கக் கொடுப்போம் என்றேன். கை தட்டினார்கள். கார் கழுவும் குழாய்க்குப் பூட்டு போட்டோம். துளித்துளியாய்ச் சேமிப்போம் என்று டிரம்மின் மேல் எழுதி ஒட்டியதும் நான்தான். எழுத்து இன்னும் அழியவில்லை. குடிக்க ஆகாதென்று இயந்திரம் ஒதுக்கிய அத்தனை உப்பும் அந்தத் தண்ணீரில்தானே இருக்கும் என்று தாம்பரத்துச் சுற்றுவட்டாரத்தில் படித்த பதினான்கு குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கையை அதில் விட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றே ஒரு பாட்டிலில் டிரம் தண்ணீரையும் இன்னொன்றில் ஆழ்துளைத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இரும்புலியூருக்குப் போனேன். கடைக்காரர் வாசலில் பழைய பானட் ஒன்றை வெயிலில் போட்டிருந்தார். ஒரு பாதியில் கோட்டிங், மறு பாதி வெறும் பெயின்ட். இரண்டிலும் இரண்டு தண்ணீரையும் சொட்டுவிட்டோம். கோட்டிங் இல்லாத பாதியில் தண்ணீர் தட்டையாகப் பரவியது. கோட்டிங் மேல் முத்தாக நின்றது. டி.வி.யில் பார்த்த அதே முத்து. ஆனால் இங்கே அது எங்கும் உருண்டு ஓடவில்லை. சமதரையில் முத்து எங்கே ஓடும். நின்ற இடத்திலேயே வெயிலைக் குடித்தது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் சுருங்கி, சுருங்கி, ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கடைசியில் இறுகியது. டிரம் தண்ணீர் விட்ட புள்ளியைத் துணியால் அழுத்தித் துடைத்தார். வளையம் போகவில்லை. தட்டையாகப் பரவிக் காய்ந்த இடத்தைவிட முத்தாக நின்று காய்ந்த இடத்தில்தான் வளையம் அழுத்தமாக இருந்தது.

"அழகா நிக்கிற துளிதான் சார் அழுத்தமா கடிக்குது," என்றார். "நம்ம ஊருக்கு முத்து வேணாம். வழிஞ்சி ஓடற மாதிரி ஒண்ணு இருக்கு, பாக்க அவ்ளோ இருக்காது, அதப் போட்டுக்கங்க. ஆனா மொதல்ல அந்த டிரம்ம ஒழிங்க."

இந்த முறை நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எந்தக் கோட்டிங்கும் உப்பை நிறுத்தாது. ஐந்து அடுக்கானாலும் ஒன்றுதான். ஆழ்துளைத் தண்ணீரே போதும். ஆனால் எந்தத் தண்ணீரானாலும் அது தானாகக் காயக்கூடாது. நிழலில் கழுவி, உடனே துடைத்து எடுத்துவிட வேண்டும். இரண்டு வாளி; ஒன்றில் துணியை அலசினால் மணல் அதன் அடியில் தங்கட்டும், மற்றதில் நல்ல தண்ணீர். பூப்போன்ற மைக்ரோஃபைபர் துணி, வண்டிக்கு ஒன்று. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், தினமும் தேய்க்கவேண்டாம். அப்படியென்றால் துடைக்கிற கை வேண்டாம் என்று முதல் கடையில் சொன்னார்களே என்றேன். கை வேண்டாமென்றால் யார் சார் ஈரத்தை எடுப்பது, நீங்களா என்றார். என் கையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து குரூப்பில் எழுத உட்கார்ந்தேன். ஏரியிலிருந்து தொடங்கினேன். மண்ணின் உப்பு, மனிதரின் கை வெடிப்பு, நாம் கழிப்பவற்றின் பயணம் என்று ஒரு பத்தி ஓடியது. அழித்தேன். மறுபடி ஏரியிலிருந்தே தொடங்கியது. மனைவி பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கவிதை வேணாம். ரெண்டு வரி போதும். யார் தப்பு, என்ன தப்பு."

இரண்டு வரி மூன்றாயிற்று. கார்களில் உள்ள வெள்ளைத் தழும்பு டிரம் தண்ணீரால் வந்தது, அந்த டிரம் என் யோசனை. கோடுகளுக்குக் காரணம் பதினொரு காருக்கு நாம் விட்டுவைத்த ஒரே துணி. அந்த அக்காவை நிறுத்தச் சொன்னது தவறு.

இருபத்தாறு பேர் படித்துவிட்டதாகக் காட்டியது. பிறகு ஒரு கட்டைவிரல். அதன்பின் வங்கி அதிகாரி, அப்படியானால் மினரல் வாட்டரிலா கார் கழுவுவது என்று கேட்டார். ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். சங்கச் செயலாளர் அம்மாள் மட்டும், டிரம் தண்ணீர் இனிமேல் கழிவறைக்கும் வாசல் கழுவவும் போகட்டும், கார்க் குழாயின் பூட்டை எடுத்துவிடலாம் என்று எழுதினார். விவாதித்து, முனகி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அது முடிவாயிற்று. இரண்டு வாளியும் பதினொரு துணியும் வாங்குவதென்றும் முடிவாயிற்று. டிரம்மில் ஒட்டியிருந்த என் எழுத்தை யாரும் கிழிக்கவில்லை. அதுவும் அதோடு கழிவறைப் பக்கம் போயிற்று.

அடுத்த வாரம் எங்கள் காருக்குப் பூச்சு போடப்பட்டது. பாலிஷில் வளையங்கள் பெரும்பாலும் போயின. ஆழமாகக் கடித்த சில இருக்கின்றன, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அழகாக முத்து திரளாத, வழிந்து ஓடுகிற பூச்சு. ஏழு நாள் தண்ணீர் படாமல் கீழே நின்றது. மனைவி பள்ளிக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்தாள். ஒரு சாயங்காலம் வானம் இருட்டியபோது மாடியிலிருந்து இருவரும் எட்டிப் பார்த்தோம். பெய்யவில்லை.

எட்டாம் நாள் காலை அக்கா வரும் நேரத்துக்கு இறங்கிப் போனேன். ஏழு காரும் அவரிடம் தங்கிவிட்டதால் வேலை நடந்துகொண்டிருந்தது. புது வாளிகள். கீழ் வீட்டுச் சிவப்புக் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. எங்கள் வண்டியை இன்றிலிருந்து மறுபடி பார்த்துக்கொள்ளவேண்டும் என்றேன்.

"யாரு சொல்லச் சொன்னாங்க, டீச்சரம்மாவா?"

"நான்தான்."

"தப்பு உங்க மேலன்னு எழுதினீங்களாமே. வாட்ச்மேன் படிச்சிக் காட்டுனாரு." கதவின் கீழ் விளிம்புவரை துணியைக் கொண்டுபோய் எடுத்தார். "எல்லாருக்கும் சொல்லிக்கினீங்க. எங்கிட்ட சொல்லலியே சார்."

இருபத்தாறு பேருக்குச் சொல்லியாயிற்று. இவர் அந்தக் குரூப்பில் இல்லை. அது எனக்கு அந்தக் கணம் வரை உறைக்கவே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன் என்ற லேசான மனதோடு ஒரு வாரம் காபி குடித்திருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான்க்கா. டிரம்மும் என்னுது, போட்டோவும் என்னுது. உங்ககிட்டதான் மொதல்ல வந்து சொல்லியிருக்கணும்."

அவர் துணியை உதறி மடித்துப் போட்டுக்கொண்டார். கோபம் தணிந்ததாகவோ தணியாததாகவோ முகத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து பானட்டில் தன் முகத்தைப் பார்த்து, கலைந்த முடியைக் காதுக்குப் பின் ஒதுக்கிக்கொண்டார்.

"சரி. உங்க வண்டி வாரத்துக்கு ரெண்டு நாளு, தெனம் வேணாம், அது நல்லதில்லன்னு உங்க கடைக்காரரே சொல்றாராமே. ஆனா எட்டு மணிக்குள்ள நெழல்ல நிக்கணும். வெயில்ல வுட்டுட்டு என்னக் கேக்கக்கூடாது."

தலையாட்டினேன். மற்ற மூன்று வீட்டிலும் நான் பேசவா என்று கேட்டேன். அதைக் கேட்டதும்தான் முதல்முறையாக என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"நீங்க பேச வேணாம். நிறுத்தறதுக்கு ஒரு மெசேஜ் போதும்னு நெனச்சாங்க இல்ல. வேணும்னா எறங்கி வந்து கேக்கட்டும்."

அந்தச் செய்தியை நான் குரூப்பில் போடவில்லை. மூன்று வீட்டுக்கும் படியேறிப் போய்ச் சொன்னேன். இளம் தம்பதி, தங்கள் காருக்கு உறை போட்டுவிட்டதாகவும் இனித் துடைப்பதே இல்லை என்றும் சொன்னார்கள். கண்ணியமாகத்தான் சொன்னார்கள். அந்தக் கார் அவருக்குத் திரும்பவில்லை. மூன்றாம் மாடிக்காரர் மறுநாளே போய்க் கேட்டுவிட்டார். வங்கி அதிகாரிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. வேலை செய்கிறவரிடம் போய் நிற்பதா என்று என்னிடமே இரண்டு தரம் கேட்டார். ஒரு வாரம் அவருடைய கார் தூசி படிந்து நின்றது. யாரோ அதன் பின்கண்ணாடியில் விரலால் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்கள்.

பிறகு ஒரு காலை, நான் பேப்பர் எடுக்கக் கீழே போனபோது, அதிகாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா அப்போதுதான் எங்கள் காரைக் கழுவி முடித்திருந்தார். தண்ணீர் முத்தாக நிற்காமல் கண்ணாடிமேல் ஓடுவதுபோலப் பட்டையாக வழிந்துகொண்டிருந்தது. மிச்ச ஈரத்தை அவர் துணி பின்தொடர்ந்து போயிற்று. அதிகாரி இரண்டடி தள்ளி நின்று தொண்டையைக் கனைத்தார். மேலே கிழக்கு மாடியைத் தாண்டி வெயில் எங்கள் வரிசையை நோக்கி இறங்க ஆரம்பித்திருந்தது. அக்கா ஒரு கதவை முடித்து அடுத்த கதவுக்குப் போனார்.

"அம்மா, ஒரு விஷயம்," என்றார் அதிகாரி.

"இருங்க சார். காஞ்சிடும்."

அவர் நின்றார். நான் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்காமல் நின்றேன். பின்கதவு, பின்புறம், டிக்கி, அந்தப் பக்கத்து இரண்டு கதவு. அக்கா அவசரப்படவே இல்லை. கடைசியில் பானட்டுக்கு வந்தார். கை எட்டாத அந்த நடுப்பகுதிக்கு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று, எட்டித் துடைத்தார். இறங்கி, துணியைப் பிழிந்து, கொடியில் விரித்துக் காயப் போட்டார். அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க சார்."